ஃபைட்டர் மீனுக்குத் துணை தேவையா?

மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய நீல நிற ஆண் ஃபைட்டர் மீன் மூன்று லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு மாதமாக இருக்கிறது. முதல் வாரத்தில் சுறுசுறுப்பாகச் சுற்றிவந்தது இப்போது பெரும்பாலும் அடியில் படுத்துக் கிடக்கிறது. அதற்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று மகள் சொல்கிறாள். கடைக்காரர் ஒரு பெண் ஃபைட்டரையோ நான்கு கப்பி மீன்களையோ சேர்த்துவிடச் சொல்கிறார். எந்தத் துணை சரியாக இருக்கும் என்பது உங்கள் கேள்வி. பதினைந்து ஆண்டுகளாகச் சென்னையில் இந்த மீன்களை வளர்த்தும் சிலவற்றைச் சாகவிட்டும் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு எதையும் சேர்க்க வேண்டாம். அடியில் படுத்துக் கிடக்கும் மீனுக்குத் தனிமை நோய் இல்லை, தண்ணீர்தான் நோய். அந்தத் தண்ணீரில் இன்னொரு உயிரை விட்டால் நோய் இரட்டிப்பாகும்.

பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று 1910-இல் பிரிட்டிஷ் மீனியலாளர் சார்ல்ஸ் டேட் ரீகன் பெயரிட்ட இந்த மீனின் சொந்த ஊர் தாய்லாந்தின் நடுப்பகுதிச் சமவெளி. நெல் வயல், வாய்க்கால், புல் மண்டிய ஆழமற்ற சதுப்பு ஆகியவையே அதன் வீடு. அங்கே ஒவ்வோர் ஆணும் தனக்கென ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, எல்லைக்குள் வரும் மற்றோர் ஆணைத் துரத்திவிடும். தாய்லாந்துக்காரர்கள் அதை ‘ப்ளா கட்’, அதாவது கடிக்கும் மீன் என்கிறார்கள். 2019-இல் அதைத் தங்கள் தேசிய நீர்வாழ் உயிரினமாகவும் அறிவித்தார்கள். மனிதர்கள் இதைப் பிடித்துப் பழக்கி வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது ஆயிரம் ஆண்டுகளாவது ஆகியிருக்கும் என்று 2022-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. அந்த நீண்ட காலத்தின் பெரும்பகுதியில் எந்த மீன் விடாமல் சண்டை போடுகிறதோ அதைத்தான் அடுத்த தலைமுறைக்குத் தந்தையாக்கினார்கள்; அழகான வாலுக்காகவும் நிறத்துக்காகவும் இனப்பெருக்கம் செய்தது பிற்பாடு வந்த ஆசை. எனவே உங்கள் வீட்டுக் கிண்ணத்தில் இருப்பது, தனியாக இருக்கவே இயற்கை படைத்து, தனியாக இருக்கவே மனிதன் மேலும் கூர்தீட்டிய உயிர். கூட்டமாக நீந்தும் டெட்ராவைத் தனியாக வைத்தால் அது வாடும் என்பது உண்மை. அந்த நியாயத்தை அப்படியே ஃபைட்டருக்குப் பொருத்தக் கூடாது.

அப்படியானால் கடைகளில் ஏன் இதைச் சின்னக் குடுவைகளில் வைத்து விற்கிறார்கள் என்று கேட்பீர்கள். காரணம் அதன் மூச்சு. செவுள்களோடு சேர்த்து, தலைக்குள் பல மடிப்புகளாக அமைந்த ஒரு காற்றுறுப்பும் அதற்கு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றை விழுங்கி, அதிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். இது நமக்கு அந்நியமான சங்கதி அன்று. நம் ஏரிகளில் கிடைக்கும் பனையேறிக் கெண்டைக்கும் இதே வகை உறுப்புதான் இருக்கிறது. டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியில் படை அதிகாரியாக இருந்த டால்டோர்ஃப் என்பவர், 1791-இல் தரங்கம்பாடி அருகே பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த அந்த மீனைத் தம் கையால் பிடித்ததாக எழுதியனுப்ப, அந்தக் குறிப்பு 1797-இல் லண்டனில் அச்சானது. ஃபைட்டருக்கு இதைவிட நெருங்கிய உறவுக்காரர் ஒருவரும் நம் பக்கம் இருக்கிறார்: புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்ததை வைத்து 1831-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே விவரித்த, அந்த ஊர்ப் பெயரின் சாயலிலேயே ‘குபானஸ்’ என்று அறிவியல் பெயர் பெற்ற விரல் நீள மீன். அதுவும் மேலே வந்து காற்றைக் குடிக்கும், நுரைக்கூடு கட்டும், வயல் வாய்க்காலில் வாழும். நம் ஊர்ச் சிறுவர்கள் அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். தாய்லாந்துச் சிறுவர்கள் சண்டைக்கு விட்டார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

இந்தக் காற்றுறுப்புதான் ஃபைட்டருக்கு வரமும் சாபமும். செவுளை மட்டும் நம்பும் மீன்கள் ஒரே நாளில் மூச்சுத் திணறிச் செத்துப்போகும் தண்ணீரிலும் இது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உயிரோடு கிடப்பதை நலமாக இருப்பதாக எடுத்துக்கொண்டு, பூச்சாடியிலும் ஜாம் பாட்டிலிலும் வைத்துக் கொல்கிறோம். காற்றைக் குடிக்கத் தெரிந்தாலும், தண்ணீரில் கரைந்த நச்சிலிருந்து அதனால் தப்பிக்க முடியாது.

உங்கள் கிண்ணத்தில் நடப்பது இதுதான். மீனின் செவுளும் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவை உண்டாக்குகின்றன. மூன்று லிட்டரில் அது கலந்து நீர்த்துப்போக இடமில்லை. அதோடு, அம்மோனியாவின் கொடுமை தண்ணீரின் காரத்தன்மையையும் சூட்டையும் பொறுத்தது: பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) 7 உள்ள தண்ணீரில் எவ்வளவு பங்கு நச்சு வடிவில் இருக்குமோ, பி.எச். 8 உள்ள தண்ணீரில் அதைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு இருக்கும். சென்னையின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை உடையது, வெயில் காலத்தில் சூடானதும்கூட. ஆகவே குளிர்நாட்டுக்காரர் எழுதிய குறிப்பைப் படித்து ‘கொஞ்சம் அம்மோனியா இருந்தால் பரவாயில்லை’ என்று நாம் இருந்துவிட முடியாது. இன்னொன்றும் உண்டு. கிண்ணம் படுக்கையறையில் இருக்கிறது, இரவில் ஏ.சி. ஓடுகிறது என்றால், பகலில் 31 பாகை இருந்த மூன்று லிட்டர் தண்ணீர் விடியற்காலையில் 23 பாகைக்கு வந்துவிடும். ஃபைட்டருக்கு ஏற்ற வெப்பம் 25 முதல் 28 பாகை வரை. அதைவிடச் சற்று மேலே போனாலும் நம் ஊரில் வளர்ந்த மீன் தாங்கிக்கொள்ளும், ஆனால் தினமும் எட்டுப் பாகை ஏறி இறங்குவதைத் தாங்காது. குளிர்ந்த மீன் அசையாமல் படுத்திருக்கும், தீனி செரிக்காது, வயிறு உப்பும். பார்ப்பவர்களுக்கு அது சோகமாகத் தெரியும்.

ஆகவே முதல் செலவு துணைக்கு அல்ல, தொட்டிக்கு. நம் ஊர்க் கடைகளில் தொட்டியை அடிக் கணக்கில்தான் விற்பார்கள். ஓரடிக்கு ஓரடி என்ற கனசதுரத் தொட்டி விளிம்பு வரை நிரம்பினால் 28 லிட்டர் கொள்ளும். மணலும் செடியும் போக 22 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒற்றை ஃபைட்டருக்கு அது போதும். துணையும் வேண்டும் என்ற எண்ணம் பிற்பாடு வரக்கூடும் என்றால், இப்போதே இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியாக வாங்குங்கள். விலை வேறுபாடு சொற்பம், நீர் இரட்டிப்பு. உயரமான தொட்டியைவிட நீளமானது நல்லது, ஏனென்றால் நீண்ட துடுப்புள்ள ஆண் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே வந்துபோக வேண்டியிருக்கிறது. கொளத்தூர்ப் பக்கம் போனால் தொட்டி, செடி, ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே தெருவில் பார்த்துவிடலாம். ஆனால் அன்றே மீனையும் வாங்கி வந்துவிடாதீர்கள்.

ஃபில்டர் கட்டாயம் வேண்டும், ஆனால் வேகமாகத் தண்ணீரை இறைப்பது வேண்டாம். முழு நிலவைப் பாதியாக வெட்டியதுபோல் 180 பாகை விரியும் ஹாஃப்மூன் வாலைச் சுமந்துகொண்டு ஓட்டத்தை எதிர்த்து நீந்துவது, ஈரப் புடவை கட்டிக்கொண்டு ஓடுவதற்குச் சமம். சோர்ந்துபோன மீன் தன் வாலைத் தானே கடித்துக்கொள்வதும் உண்டு. சிறிய ஏர் பம்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் இதற்கு ஏற்றது. விலையும் குறைவு, குஞ்சு மீனையும் இழுக்காது. அந்த ஸ்பாஞ்சில் குடியேறும் நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை போதுமான அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் ஏற்கெனவே உங்களிடம் இருப்பதால், இந்த வாரங்களைக் கிண்ணத்தில் கழிப்பதைவிடப் புதிய பெரிய தொட்டியிலேயே கழிப்பது நல்லது: தீனியைப் பாதியாகக் குறைத்து, சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து, இரண்டில் எது தெரிந்தாலும் அன்றே கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ தண்ணீரை மாற்றுங்கள். இரண்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யம் காட்டினால் தொட்டி பக்குவமாகிவிட்டது என்று பொருள். அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் பளிச்சென்று அலசினால் குளோரின் அந்த நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள். சுத்தத்துக்குப் பேர்போன நம் வீடுகளில், தொட்டியை மாதம் ஒருமுறை முழுவதும் கவிழ்த்துக் கழுவி வெயிலில் காயவைக்கும் பழக்கம்தான் அதிக மீன்களைக் கொல்கிறது என்பது என் அனுபவம்.

மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைச் சேர்த்த பிறகே ஊற்றுங்கள். வாளியில் ஒரு நாள் வைத்திருந்தாலும் வெறும் குளோரின் பெரும்பாலும் போய்விடும், ஆனால் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்திருந்தால் போகாது. சொட்டு மருந்து பாதுகாப்பானது. போர்வெல் தண்ணீர் கடினமாக இருக்கிறதே என்று பி.எச். குறைக்கும் மருந்துகளைத் தேடி ஓடாதீர்கள். இங்கேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட ஃபைட்டர் அந்தத் தண்ணீரில் பிறந்து வளர்ந்ததுதான், பி.எச். 7.8-இல் நிலையாக இருப்பது, மருந்து ஊற்றி 6.8-க்கும் 7.8-க்கும் இடையே ஊசலாடுவதைவிட எவ்வளவோ மேல். வெறும் ஆர்.ஓ. தண்ணீரையும் தனியாகப் பயன்படுத்த வேண்டாம். அதில் மீனுக்குத் தேவையான தாது உப்புகள் இருப்பதில்லை.

தண்ணீரை மீனுக்கு இதமாக்க விரும்பினால் அதற்கு ஒரு வழி தெருவோரத்திலேயே உதிர்ந்து கிடக்கிறது. பள்ளி மைதானங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் குடை விரித்ததுபோல் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் இலை, தாய்லாந்து வளர்ப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் போடும் அதே இலைதான். தானாகப் பழுத்துச் சிவந்து உதிர்ந்து, முற்றிலும் காய்ந்த இலையாக எடுங்கள். மருந்து தெளிக்கும் தோட்டத்திலிருந்தும் போக்குவரத்து மிகுந்த சாலையிலிருந்தும் வேண்டாம். கழுவி, இருபது லிட்டருக்கு ஓர் இலை என்று போட்டால் ஓரிரு நாளில் தண்ணீர் இளம் தேநீர் நிறத்துக்கு வரும். அதில் இறங்கும் துவர்ப்புப் பொருள்கள் பி.எச்.-ஐச் சிறிதளவு குறைக்கும், பூஞ்சையை ஓரளவு அடக்கும். மீனுக்கோ தன் பிறந்த சதுப்பின் நிறம் கண்முன் வரும். மிகக் கடினமான தண்ணீரில் பி.எச். பெரிதாக இறங்காது, ஆனாலும் மீன் அந்த இலைக்கடியில் போய் ஒண்டிக்கொள்வதைப் பார்த்தால் போட்டது வீணில்லை என்று தெரியும். இணையத்தில் பத்து இலையை நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்பதைப் பார்க்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரும்.

செடிகளில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் மங்கிய ஒளியிலும் கெட்ட பராமரிப்பிலும் பிழைக்கும்; கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால் போதும். நீர்மட்டத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே ஓர் அகன்ற இலை இருக்கும்படி அமையுங்கள், மீன் இரவில் அதன்மேல் படுத்துத் தூங்கும். கூரான பிளாஸ்டிக் செடி வேண்டாம். நைலான் துணியை அதன்மேல் இழுத்துப் பார்த்தால், துணி மாட்டும் இடத்தில் வாலும் கிழியும். தொட்டிக்கு மூடி தேவை. ஃபைட்டர் நன்றாகத் துள்ளும் என்பது ஒரு காரணம். அது குடிக்கும் காற்று நீரின் வெப்பத்திலேயே, ஈரமாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. மே மாதத்தில் தண்ணீர் 31 பாகையைத் தாண்டினால் மட்டும் மூடிக்குப் பதில் வலையைப் போட்டு, சிறு விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின்மேல் வீசவிடுங்கள். ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஹீட்டர் சென்னையில் பெரும்பாலும் ஏ.சி. அறைக்கு மட்டுமே தேவைப்படும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் தேவை.

தீனி விஷயத்தில் ஒன்றே ஒன்று: இது பூச்சி தின்னும் மீன், அரிசிப் பொரியும் ரொட்டித் துணுக்கும் இதற்கு உணவல்ல. புரதம் மிகுந்த சிறு உருண்டைத் தீனியில் காலையில் மூன்று, மாலையில் மூன்று, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. அதன் வயிறு ஏறத்தாழ அதன் கண் அளவுதான் என்று நினைவில் வைத்தால் கை தானாகக் குறையும். வாரம் ஓரிரு முறை உறைந்த ரத்தப்புழுவோ டாப்னியா என்ற நீர்த்தெள்ளோ உயிருள்ள கொசுப்புழுவோ கொடுக்கலாம்; சாக்கடையில் எடுத்த கொசுப்புழுவும் டியூபிஃபெக்ஸ் புழுவும் நோயைக் கொண்டுவரும். மாடியில் மூடிய வலைக்குள் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் கொசுப்புழு வளர்க்கும் நண்பர்கள் எனக்கு உண்டு, அவர்களின் அண்டை வீட்டாருக்கும் என் அனுதாபங்கள் உண்டு.

இவ்வளவும் அமைந்த பிறகு உங்கள் மீன் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். துடுப்புகளை விரித்து தொட்டி முழுவதும் உலாவுகிறதா, நீங்கள் அருகே வந்தால் கண்ணாடியை நோக்கி வருகிறதா, தீனியைப் பாய்ந்து எடுக்கிறதா, இரண்டு கண்களையும் தனித்தனியே திருப்பி எல்லாவற்றையும் ஆராய்கிறதா என்பவையே நலத்தின் அடையாளங்கள். நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டினால் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். அது பருவத்துக்கு வந்த ஆண் என்பதற்குத்தான் உறுதியான அடையாளம், மோசமான கிண்ணத்திலும் கட்டும். அதேபோல, கண்ணாடியைக் காட்டிச் செவுளை விரிக்கவைப்பது ஓரிரு நிமிடம் என்றால் உடற்பயிற்சி. கால் மணி நேரம் என்றால் முடிவில்லாத போர், ஏனென்றால் கண்ணாடிக்குள் இருக்கும் எதிரி ஒருநாளும் தோற்று ஓடுவதில்லை. தொட்டியின் பின்பக்கம் இருண்டிருந்து உள்ளே வெளிச்சம் அதிகமானால் கண்ணாடிச் சுவரே முகம் காட்டும். நாள் முழுவதும் ஒரே மூலையில் சீறிக்கொண்டிருந்தால் விளக்கைக் குறையுங்கள். விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் போதும்.

இனி துணை. நாம் சேர்க்கும் துணை பெரும்பாலும் நம் கண்ணுக்காகத்தான். ஃபைட்டருக்கு அது அதிகபட்சம் பொறுத்துக்கொள்ளத்தக்க அயலார். எனவே ‘இது எதனுடன் சேரும்’ என்பதோடு கேள்வியை நிறுத்தாமல், ‘எது இதன் கண்ணில் எதிரியாகத் தெரியாது, எது இதன் வாலைக் கடிக்காது, எது நம் தண்ணீரையும் வெப்பத்தையும் தாங்கும்’ என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். 20 பாகையில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் அளவுக்குக் கரையும் பிராணவாயு 30 பாகையில் ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். செவுளை மட்டுமே நம்பியிருக்கும் துணை மீன் என்ன செய்யும்?

இன்னோர் ஆண் ஃபைட்டர் கூடவே கூடாது என்பது உங்களுக்கே தெரியும். கடைக்காரர் சொன்ன பெண் ஃபைட்டரும் அதே அளவு தவறு. இனப்பெருக்கத்துக்காகச் சில மணி நேரம் சேர்த்து, முட்டையிட்டு முடித்ததும் பெண்ணை வெளியே எடுத்துவிடுவார்கள். எடுக்கத் தவறினால் முட்டையைக் காக்கும் ஆண் அவளைக் கிழித்துவிடும். பெண்களை மட்டும் ஐந்தாறாகச் சேர்த்து வளர்ப்பது இப்போது பரவலாக இருக்கிறது. நன்றாகச் செடி மண்டிய பெரிய தொட்டியில் சிலருக்கு அது சில மாதம் அமைதியாக ஓடுகிறது, பிறகு ஒரு நாள் காலையில் ஒன்று செத்துக் கிடக்கிறது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கப்பி ஆணின் பெரிய வண்ண வால் ஃபைட்டரின் கண்ணில் இன்னொரு ஃபைட்டராகவே படும். கௌராமிகள் நெருங்கிய உறவு, அதனால் பகையும் நெருக்கம். டைகர் பார்ப், செர்ப்பே டெட்ரா ஆகியவை அடிக்கமாட்டா, ஆனால் தொங்கும் வாலைப் பார்த்தால் கொத்தாமல் விடமாட்டா. தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது, குப்பையும் மிகுதியாகப் போடுவது. இரண்டும் ஒரே தொட்டியில் இருந்தால் ஒன்றாவது வருந்தும்.

‘சக்கர்’ என்று நம் கடைகளில் விற்கும் கறுப்புக் கெளிற்று மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தவற்றை நானே செய்தேன். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று ஒரு கடையில் சொல்ல, இரண்டு அங்குலக் குட்டியை வாங்கி இரண்டடித் தொட்டியில் என் சிவப்பு ஃபைட்டரோடு விட்டேன். சுத்தம் செய்ததைவிட அது போட்ட கழிவே அதிகம். ஓராண்டில் கையளவு வளர்ந்து, இரவில் செடிகளைப் பிடுங்கி, ஃபைட்டர் படுத்திருந்த இலையை முட்டித் தள்ளி, அதைத் தூங்கவிடாமல் செய்தது. பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருந்த ஒருவர் வாங்கிக்கொண்டதால் தப்பித்தேன். இந்த மீன் ஓரடிக்கும் மேல் வளரக்கூடியது; வளர்ந்தபின் ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடுகிறார்கள், அது அங்கே பெருகி நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எந்தத் தொட்டி மீனையும் எந்த நீர்நிலையிலும் விடாதீர்கள்.

பொருந்தக்கூடியவற்றில் என் முதல் தேர்வு மீனே அல்ல, நெரைட் நத்தை. ஓட்டில் கோடும் புள்ளியுமாக அழகாக இருக்கும். கண்ணாடியில் படியும் பாசியை வழித்துத் தின்னும். நம் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு அதன் ஓட்டுக்கு நல்லது. அதன் குஞ்சுகள் வளர உவர்நீர் வேண்டும் என்பதால் தொட்டியில் பெருகித் தொல்லை தராது. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக முட்டையை ஒட்டவைத்துவிடும், அது ஒன்றுதான் குறை. பெரிய ஆப்பிள் நத்தைகளின் நீண்ட உணர்கொம்பைப் புழு என்று நினைத்து ஃபைட்டர் கொத்துவது வழக்கம். ஆகவே அவை வேண்டாம்.

தொட்டி இரண்டடி நீளமாக இருந்து, அடியில் கூழாங்கல்லுக்குப் பதில் மென்மணல் போட்டிருந்தால், குஹ்லி லோச் என்ற விரல் நீளப் பாம்பு போன்ற மீன்களை ஐந்தாறாக வைக்கலாம். ஃபைட்டரைப் போலவே அவையும் தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தவை, 30 பாகை வரை வெப்பத்தைத் தாங்குபவை, பகலில் மணலுக்குள்ளும் கட்டைக்கடியிலும் ஒளிந்து இரவில் நடமாடுபவை. ஃபைட்டர் மேல்மாடி, இவை கீழ்மாடி, சந்திப்பே அரிது. நடுநீரில் நீந்தும் கூட்டம் வேண்டும் என்றால் ஹார்லக்வின் ரஸ்போரா எட்டு. மலேயாவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் வரும் இந்தச் செம்புநிற மீனுக்குச் சிறு வால்தான், வேகமாக விலகவும் தெரியும், வாலைக் கடிக்கும் பழக்கமும் இல்லை. கூட்டத்தைக் குறைத்து இரண்டு மூன்றாக வாங்கினால் அவை பயந்து சாகும், அல்லது பயத்தில் கொத்தும். எம்பர் டெட்ராவும் நல்லதே, ஆனால் மென்மையான தண்ணீருக்குப் பழகியது. கடினமான போர்வெல் தண்ணீரில் நெடுநாள் இருப்பதில்லை. பிக்மி கோரிடோராஸ் எல்லோரும் சொல்வது, எனக்கும் பிடித்தது. எனினும் அது 26 பாகைக்குக் கீழே இருக்க விரும்புவது, சென்னையின் மே மாதத்தில் தவிக்கும். பெங்களூருக்காரர்கள் வைக்கலாம்.

செர்ரி இறாலைப் பற்றி ஒரு எச்சரிக்கை: ஃபைட்டருக்கு அது துணையா தீனியா என்பது அந்தந்த மீனைப் பொறுத்தது. பாசி அடர்ந்திருந்தால் பெரிய இறால்கள் பிழைக்கும், குஞ்சுகளை மீன் பொறுக்கித் தின்னும். தாமிரம் கலந்த மருந்து எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். இறாலும் நத்தையும் அன்றே போய்விடும்.

சேர்க்கும் முறையும் முக்கியம். புதிய மீனை வேறொரு பாத்திரத்தில் மூன்று வாரம் தனியே வைத்து வெண்புள்ளி, பூஞ்சை, துடுப்பழுகல் எதுவும் இல்லையென்று உறுதிப்படுத்திய பிறகே தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். ஃபைட்டர் ஏற்கெனவே தொட்டியைத் தன் நாடாகக் கொண்டாடிக்கொண்டிருக்கும் என்பதால், அதை முதலில் ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, கட்டையையும் செடியையும் இடம் மாற்றி அடுக்கி, புதியவற்றை விட்டு, ஒரு நாள் கழித்து வயிறார ஊட்டிய ஃபைட்டரை விளக்கணைத்த மாலையில் கடைசியாக விடுங்கள். அதற்கும் இடம் புதிது, அவற்றுக்கும் புதிது. முதல் ஒரு மணி நேரம் செவுளை விரித்து மிரட்டுவது இயல்பு. மறுநாளும் விடாமல் துரத்தினால், யாருடைய துடுப்பாவது கிழிந்திருந்தால், அல்லது ஃபைட்டரே மூலையில் ஒடுங்கித் தீனியை மறுத்தால் அன்றே பிரித்துவிடுங்கள். ‘பழகிவிடும்’ என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் செத்த மீனைத்தான் எடுக்கிறார்கள். அதற்காகவே உங்கள் பழைய கிண்ணத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். ஓரிரவுப் புகலிடமாக மட்டும் அது பயன்படும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் சில ஃபைட்டர்கள் யாரையும் சேர்த்துக்கொள்ளா. என்னிடம் இப்போது இருக்கும் குட்டைவால் ‘ப்ளாகட்’ வகை ஃபைட்டர், நத்தையின் ஓட்டையே நாள் முழுவதும் முட்டிக்கொண்டிருந்தது. நத்தையை எடுத்த மறுநாள்தான் ஒழுங்காகச் சாப்பிட்டது. இதற்கு முன்னிருந்த வெள்ளை ஆண் எட்டு ரஸ்போராக்களுடன் மூன்றாண்டு வாழ்ந்து முதுமையில் இறந்தது. வாங்கும்போது இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

உங்கள் மகளிடம் அந்த நண்பன் வேலையை இப்போதைக்கு அவளையே செய்யச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில், ஒரு நிறக் குச்சியைக் கண்ணாடிக்கு வெளியே காட்டிவிட்டு ஒரு தீனி உருண்டை போட்டால், இரண்டு மூன்று வாரத்தில் மீன் அந்தக் குச்சியைப் பின்தொடரத் தொடங்கும். இன்னும் சில வாரங்களில் சோதனைப் பெட்டியும் இரண்டு பூஜ்யங்களைக் காட்டத் தொடங்கும். அப்போது அவளைக் கடைக்கு அழைத்துப்போங்கள், ஓட்டில் கோடு போட்ட ஒரு நத்தையை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.